வெவ்வேறு தட நிலைகளுக்கேற்ற பௌலிங் பந்துத் தொகுப்பு

டென்பின் பௌலிங் என்பது நீண்ட தடத்தின் மீது கனமான பந்தை உருட்டி, மறுமுனையில் முக்கோண வடிவில் நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் உள்ளரங்க விளையாட்டு ஆகும். கிரிக்கெட்டில் பந்து வீசுவதும் பௌலிங் என்றே அழைக்கப்படுவதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவ்விளையாட்டில் தேர்ச்சி பெற்றவர்கள் ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு போட்டிக்குச் செல்வதில்லை. மூன்று முதல் ஆறு பந்துகள் வரை எடுத்துச் செல்வர். இவற்றையே பந்துத் தொகுப்பு என்கிறோம்.

புதிதாக ஆடத் தொடங்கும் மாணவர் பலர், கடையில் இருப்பவற்றுள் மிக அதிகமாக வளையும் பந்தை, அதாவது பெரும்பாலும் மிக விலை உயர்ந்த பந்தை, முதலில் வாங்கிவிடுகின்றனர். பின்னர் தாம் ஆடும் தடத்தில் அது கட்டுக்கடங்காமல் வளைவதைக் கண்டு, குறை தம் கையில்தான் இருக்கிறது என்று எண்ணிச் சோர்ந்துவிடுகின்றனர். உண்மையில் குறை கையிலும் இல்லை, பந்திலும் இல்லை. பந்தும் தடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாததே காரணம். நல்ல தொகுப்பு என்பது வலிமையான பந்துகளின் சேர்க்கை அன்று. ஒரு பந்தால் செய்ய முடியாததை அடுத்த பந்து செய்யும்படி அமைந்த வரிசையே நல்ல தொகுப்பு. அதை எவ்வாறு அமைப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எளிமைக்காக வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் கொண்டே திசைகள் கூறப்பட்டுள்ளன. இடக்கை ஆட்டக்காரர் இட வலத்தை மாற்றிப் படிக்கவும்.

விளையாட்டின் பின்னணி

இன்றைய டென்பின் பௌலிங் அமெரிக்காவில் உருப்பெற்றது. 1895ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் தொடங்கப்பட்டு, விதிகளும் அளவுகளும் ஒரே சீராக வகுக்கப்பட்டன. இவ்வமைப்பு வேறு சில அமைப்புகளோடு இணைந்து 2005ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் ஆனது. பந்துகளுக்கு ஒப்புதல் வழங்கும் முதன்மை அமைப்பு இதுவே. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1978ஆம் ஆண்டு பாங்காக்கில் பௌலிங் முதன்முதலாக இடம்பெற்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இது செல்வாக்குள்ள விளையாட்டு. இந்தியாவில் பெருநகரங்களில் ஆடப்படுகிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த சபீர் தன்கோட் தேசிய வாகையர் பட்டத்தைப் பலமுறை வென்றவர்.

தடத்தின் அளவுகள்

பந்தை விடும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை தடத்தின் நீளம் 60 அடி, அதாவது ஏறத்தாழ 18.3 மீட்டர். அகலம் சுமார் 41.5 அங்குலம். இந்த அகலம் 39 பலகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தடம் செயற்கைப் பொருளால் ஆனதாக இருந்தாலும் பலகைக் கோடுகள் அதில் வரையப்பட்டிருக்கும். வலக்கை ஆட்டக்காரர் வலது ஓரத்திலிருந்து 1, 2, 3 என எண்ணுவர். நடுப்பலகை 20ஆவது. ஐந்து பலகைகளுக்கு ஒன்று வீதம் ஏழு அம்புக்குறிகள் தடத்தில் பதிக்கப்பட்டுள்ளன. ஆட்டக்காரர் தொலைவில் உள்ள கட்டையைக் குறிபார்ப்பதைவிட அருகிலுள்ள அம்புக்குறியைக் குறிபார்ப்பதே எளிது.

கட்டைகளுக்கு எண்கள் உண்டு. முன்னால் நிற்பது 1. அடுத்த வரிசையில் 2, 3. அதற்கடுத்து 4, 5, 6. கடைசி வரிசையில் இடமிருந்து வலமாக 7, 8, 9, 10. முதல் வீச்சிலேயே பத்தும் விழுந்தால் அது ஸ்ட்ரைக். இரண்டாம் வீச்சில் மீதி விழுந்தால் அது ஸ்பேர்.

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்

தடத்தின் மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசப்படுகிறது. மரத்தடங்கள் தேயாமல் காப்பதற்காகத் தொடங்கிய இவ்வழக்கம் இன்று ஆட்டத்தின் போக்கையே தீர்மானிப்பதாக ஆகிவிட்டது. ஒரு தடத்திற்குப் பூசப்படும் எண்ணெய் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிலிட்டர் வரைதான். நம் வீட்டுத் தேக்கரண்டியால் ஐந்தாறு கரண்டி எண்ணெய்! அதை இயந்திரம் தடத்தின் மீது பரப்புகிறது. அருகில் நின்று பார்த்தாலும் எங்கே எவ்வளவு உள்ளது என்று கண்ணால் அறிய முடியாது.

கேரம் பலகையில் மாவு தூவி ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாவு உள்ள இடத்தில் ஸ்ட்ரைக்கர் வழுக்கிச் செல்லும். மாவு இல்லாத இடத்தில் பிடித்து நிற்கும். அதுபோலவே எண்ணெய் உள்ள பகுதியில் பந்து வழுக்கும், எண்ணெய் இல்லாத பகுதியில் தடத்தைப் பற்றி வளையும்.

எண்ணெய்ப் பூச்சு 60 அடி முழுவதும் இருப்பதில்லை. அதன் நீளம், அளவு, பரவல் ஆகிய மூன்றும் மாறும்.

பொழுதுபோக்கு மையங்களில் காணப்படும் பொதுப் பூச்சு 38 முதல் 42 அடி நீளம் கொண்டிருக்கும். நடுவில் எண்ணெய் மிகுதியாகவும் ஓரங்களில் மிகக் குறைவாகவும் இருக்கும். இதனால் பந்து வலப்பக்கம் தவறிச் சென்றால் உலர்ந்த பகுதி அதைத் திருப்பிக் கொண்டுவரும். இடப்பக்கம் தவறிச் சென்றால் நடுவிலுள்ள எண்ணெய் அதை அதிகம் வளையவிடாமல் காக்கும். ஆட்டக்காரரின் பிழையைத் தடமே ஓரளவு திருத்திவிடுகிறது.

போட்டிகளுக்கான ஸ்போர்ட் வகைப் பூச்சில் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள எண்ணெய் வேறுபாடு மிகக் குறைவு. இங்கே பிழைக்கு மன்னிப்பு இல்லை. அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம் தன் பூச்சுகளுக்கு விலங்குகளின் பெயர்களைச் சூட்டியுள்ளது. சீட்டா என்பது குட்டையான பூச்சு, ஷார்க் என்பது நீண்ட பூச்சு. அச்சங்கம் 2009ஆம் ஆண்டு தொடங்கிய உலகத் தொடர்ப் போட்டியில் ஒரே ஆட்டக்காரர் சில நாள்களுக்குள் பல வகைப் பூச்சுகளில் ஆட வேண்டியிருந்தது. ஒரே பந்தால் அதைச் சமாளிக்க இயலாது.

முப்பத்தொன்று விதி

பூச்சின் நீளம் தெரிந்தால் பந்து எங்கே வளையத் தொடங்க வேண்டும் என்பதைத் தோராயமாகக் கணக்கிட ஓர் எளிய விதி உண்டு. பூச்சின் நீளத்திலிருந்து 31ஐக் கழிக்க வேண்டும். கிடைக்கும் எண், எண்ணெய் முடியும் இடத்தில் பந்து இருக்க வேண்டிய பலகை ஆகும்.

40 அடிப் பூச்சு: 40 - 31 = 9ஆம் பலகை.
33 அடிப் பூச்சு: 33 - 31 = 2ஆம் பலகை, அதாவது கட்டர் எனப்படும் ஓரப் பள்ளத்தின் விளிம்பு.
45 அடிப் பூச்சு: 45 - 31 = 14ஆம் பலகை.

குட்டையான பூச்சில் பந்து திரும்புவதற்கு உலர்ந்த தூரம் நிறைய உண்டு. ஆகவே ஓரத்தில் ஆட வேண்டும், பந்தும் குறைவாக வளைய வேண்டும். நீண்ட பூச்சில் திரும்புவதற்கான தூரம் குறைவு. ஆகவே உட்பக்கமாக ஆட வேண்டும், பந்து விரைவில் தடத்தைப் பற்ற வேண்டும். இது தோராய விதி மட்டுமே. எனினும் முதல் வீச்சுக்கு நல்ல தொடக்கத்தைத் தரும்.

பந்து ஏன் வளைய வேண்டும்

நேராக உருட்டினால் போதாதா என்ற ஐயம் எழலாம். வலக்கை ஆட்டக்காரரின் பந்து 1ஆம் கட்டைக்கும் 3ஆம் கட்டைக்கும் இடையே நுழைய வேண்டும். இவ்விடத்திற்குப் பாக்கெட் என்று பெயர். ஐக்கிய அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் ஆய்வுகளின்படி, பந்து 17.5ஆம் பலகையில் சுமார் 6 பாகைக் கோணத்தில் நுழையும்போது ஸ்ட்ரைக் வாய்ப்பு மிகுதி.

இப்போது ஒரு சிறு கணக்கு. தடத்தின் வலது விளிம்பிலிருந்து பந்தை நேர்க்கோட்டில் 17.5ஆம் பலகைக்கு உருட்டுவதாகக் கொள்வோம். பக்கவாட்டு நகர்வு ஏறத்தாழ 17.5 அங்குலம். நீளம் 720 அங்குலம். இதனால் கிடைக்கும் கோணம் சுமார் 1.4 பாகை மட்டுமே. நேர்க்கோட்டில் எவ்வளவு திறமையாக உருட்டினாலும் 6 பாகை கிடைக்காது. கோணம் குறைவாக இருந்தால் பந்து முதல் கட்டைகளில் மோதி விலகிவிடும், பின்வரிசைக் கட்டைகள் நிற்கும். ஆகவே ஸ்ட்ரைக்கிற்கு வளைவு வேண்டும். ஆனால் மிச்சமான ஒற்றைக் கட்டையை வீழ்த்த வளைவு தேவையில்லை. தொகுப்பின் அடிப்படைத் தத்துவமே இந்த வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

கையை விட்ட பந்து கட்டைகளை அடைய ஏறத்தாழ இரண்டரை வினாடி ஆகும். இச்சிறு நேரத்தில் அது மூன்று நிலைகளைக் கடக்கிறது. முதலில் எண்ணெய் மீது சறுக்குகிறது. அடுத்து உராய்வு கிடைத்ததும் வளைகிறது. இறுதியில் சறுக்கலின்றி உருளுகிறது. உருளல் நிலையில் கட்டைகளை அடையும் பந்தே வலுவாக மோதும். சீக்கிரமே உருளத் தொடங்கிவிட்டால் ஆற்றல் வழியிலேயே தீர்ந்துவிடும். தாமதித்தால் சறுக்கிக்கொண்டே போய்க் கட்டைகளில் பட்டு விலகிவிடும். தடம் மாறும்போதெல்லாம் இம்மூன்று நிலைகளும் சரியான இடத்தில் நிகழச் செய்வதற்காகவே பந்து மாற்றப்படுகிறது.

மேலோடு

பந்தின் நடத்தையை மிகுதியாகத் தீர்மானிப்பது அதன் மேலோடு. தொடக்கக் காலத்தில் லிக்னம் விட்டே என்னும் மிகக் கடினமான மரத்தால் பந்துகள் செய்யப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பந்துகள் வந்தன. அதன்பின் வந்த மூன்று வகைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

பாலியெஸ்டர்: 1960களில் பரவியது. பிளாஸ்டிக் பந்து என்றும் சொல்வர். எண்ணெயை உறிஞ்சாது, மிகக் குறைவாகவே வளையும். மையங்களில் பொதுப் பயன்பாட்டுக்கு அடுக்கி வைத்திருக்கும் பந்துகள் பெரும்பாலும் இவ்வகையே. விலையும் குறைவு.

யூரித்தேன்: 1980களின் தொடக்கத்தில் வந்தது. பாலியெஸ்டரைவிட அதிகம் பற்றும். இதன் வளைவு திடீரென்று நிகழாமல் நிதானமாக, வில் போல அமையும். குட்டையான பூச்சுகளுக்கும் உலர்ந்த ஓரங்களுக்கும் ஏற்றது.

ரியாக்டிவ் ரெசின்: 1990களின் தொடக்கத்தில் வந்து ஆட்டத்தையே மாற்றியது. இதன் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. அவை எண்ணெயை உறிஞ்சுவதால் பந்து தடத்தை நன்கு பற்றுகிறது. இதில் சாலிட் வகை சீக்கிரம் பற்றும். பேர்ல் வகை நெடுந்தூரம் சறுக்கி, பின்னர் கூர்மையாகத் திரும்பும். ஹைபிரிட் வகை இரண்டுக்கும் இடைப்பட்டது.

மேலோட்டின் மென்மை எவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1973ஆம் ஆண்டு அமெரிக்க ஆட்டக்காரர் டான் மெக்குன், பிளாஸ்டிக் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்னும் கரைப்பானில் ஊறவைத்து மேற்பரப்பை மென்மையாக்கி ஆடினார். அவ்வாண்டு ஆறு பட்டங்களை வென்று ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அதன் பிறகே பந்தின் கடினத்தன்மைக்குக் குறைந்தபட்ச அளவு விதிக்கப்பட்டது. அக்கரைப்பான் எளிதில் தீப்பற்றக் கூடியது, அதன் ஆவியும் தீங்கானது. எவரும் இதை முயன்று பார்க்கக் கூடாது. இன்றைய விதிகளும் இதற்கு இடம் தருவதில்லை.

மேற்பரப்பின் சொரசொரப்பு

ஒரே பந்தின் நடத்தையை மேற்பரப்பைத் தேய்த்தும் மாற்றலாம். உப்புத்தாள் போன்ற தேய்ப்பு வட்டுகள் இதற்கென உள்ளன. அவற்றின் எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். 500 அல்லது 1000 எண் வட்டால் தேய்த்த பந்து எண்ணெயைக் கிழித்துக்கொண்டு சீக்கிரம் பற்றும். 4000 எண் வட்டால் தேய்த்த பந்தும் பளபளப்பூட்டிய பந்தும் அதிக தூரம் சறுக்கும். மழையில் நனைந்த சாலையில் வரிப்பள்ளம் உள்ள டயரும் வழவழப்பான டயரும் எப்படி வேறுபட்டு ஓடுகின்றனவோ, ஏறக்குறைய அதைப் போன்றதே இது.

புதிய பந்து வாங்குமுன், கையிலிருக்கும் பந்தின் மேற்பரப்பை மாற்றிப் பார்ப்பது செலவைக் குறைக்கும். பல நேரங்களில் வேண்டிய மாற்றம் இதிலேயே கிடைத்துவிடும். ஆனால் போட்டி தொடங்கிய பின் மேற்பரப்பைத் தேய்ப்பதற்கு விதிகளில் அனுமதியில்லை.

உட்கரு

பந்தின் உள்ளே எடை மிகுந்த ஓர் உட்கரு உள்ளது. வெளியே உருண்டையாகத் தோன்றினாலும் உள்ளே எடை ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்கள் இதைக் குறிக்கின்றன.

முதலாவது ஆர்ஜி. எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியுள்ளது என்பதைக் காட்டுவது. விதிப்படி இது 2.46 அங்குலத்திற்கும் 2.80 அங்குலத்திற்கும் இடையே இருக்க வேண்டும். சுழல் நாற்காலியில் அமர்ந்து சுற்றும்போது கைகளை ஒடுக்கினால் வேகமாகவும் விரித்தால் மெதுவாகவும் சுற்றுவதை இயற்பியல் வகுப்பில் பார்த்திருப்போம். அதுபோல எடை மையத்தில் குவிந்த, ஆர்ஜி குறைந்த பந்து எளிதில் சுழலத் தொடங்கும். ஆர்ஜி கூடிய பந்து தாமதமாகத் தொடங்கும்.

இரண்டாவது டிஃபரன்ஷியல். பந்து சுழலும்போது அதன் அச்சு எவ்வளவு இடம்பெயரும் என்பதைக் காட்டுவது. இதன் உச்ச வரம்பு 0.060 அங்குலம். இவ்வெண் கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் புதிய பகுதி தடத்தைத் தொடும். எண்ணெய் படாத புதிய பகுதி என்பதால் பிடிப்பும் கூடும். வீசிய பந்து திரும்பி வந்ததும் அதன்மேல் படிந்த எண்ணெய் வளையங்களைப் பார்த்தால் இது புரியும். வளையங்கள் விரிந்து காணப்பட்டால் அச்சு நன்கு இடம்பெயர்கிறது என்று பொருள். இவ்வரம்பு ஏட்டளவில் மட்டும் இருப்பதன்று. 2016ஆம் ஆண்டு மோட்டிவ் நிறுவனத்தின் ஜாக்கல், ஜாக்கல் கார்னேஜ் ஆகிய இரு பந்துகள் இவ்வரம்பைத் தாண்டியதாகக் கண்டறியப்பட்டு ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது.

உட்கரு சமச்சீராகவோ சமச்சீரற்றதாகவோ அமையலாம். சமச்சீர்ப் பந்தின் போக்கு நிதானமானது, முன்கூட்டியே கணிக்க எளிது. சமச்சீரற்ற பந்து பொதுவாக வேகமாகத் திசை திரும்பும்.

ஆட்டக்காரரின் கை

ஒரே பந்து இருவர் கையில் ஒரே மாதிரி ஓடாது. பந்தின் வேகமும் அது நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். வேகம் மிகுந்து சுழற்சி குறைந்தவரின் பந்து சறுக்கிக்கொண்டே போகும். அவருக்குச் சற்று வலிமையான மேலோடும் சொரசொரப்பும் உதவும். சுழற்சி மிகுந்து வேகம் குறைந்தவரின் பந்து சீக்கிரமே வளைந்துவிடும். அவருக்கு வழவழப்பான, மென்போக்குப் பந்துகள் ஏற்றவை. இரு கைகளாலும் பந்தை வீசும் முறையை உலகெங்கும் பரவச் செய்த ஆஸ்திரேலியர் ஜேசன் பெல்மாண்டி போன்றோரின் பந்துகள் மிகுந்த சுழற்சி உடையவை. அவர் பயன்படுத்தும் பந்து நமக்கும் பொருந்தும் என்று எண்ணுவது தவறு.

தொகுப்பை அமைக்கும் வரிசை

முதல் பந்து: ஸ்பேர் பந்து. இது பாலியெஸ்டர் பந்து. மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் இப்பந்தே பெரும்பாலோருக்கு மிகுந்த புள்ளிகளை ஈட்டித் தருகிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். முதல் வீச்சில் 9 கட்டைகள் விழுந்து, மீதி ஒன்றைத் தவறவிட்டால் அச்சுற்றுக்கு 9 புள்ளி. அதை வீழ்த்திவிட்டால் 10 புள்ளியோடு அடுத்த வீச்சின் புள்ளியும் சேரும். அடுத்த வீச்சிலும் 9 விழுந்தால் மொத்தம் 19. வேறுபாடு 10 புள்ளி. ஓர் ஆட்டத்தில் இப்படி மூன்று கட்டைகளைத் தவறவிட்டால் 30 புள்ளி இழப்பு. வலது மூலையில் நிற்கும் 10ஆம் கட்டைதான் வலக்கை ஆட்டக்காரருக்குப் பெருந்தொல்லை. ரியாக்டிவ் பந்தை அதை நோக்கி வீசினால், உலர்ந்த ஓரம் பந்தை இடப்பக்கம் இழுத்துவிடும். பாலியெஸ்டர் பந்து தடத்தைப் பொருட்படுத்தாமல் நேராகச் செல்லும்.

இரண்டாம் பந்து: அளவுகோல் பந்து. சமச்சீர் உட்கருவும் சாலிட் அல்லது ஹைபிரிட் மேலோடும் கொண்ட, நடுத்தர வலிமையுள்ள ரியாக்டிவ் பந்து. சொரசொரப்பு 2000 முதல் 3000 வரை இருக்கலாம். எந்தத் தடத்திலும் முதலில் கையில் எடுக்க வேண்டியது இதுவே. இதன் போக்கு நிதானமானது என்பதால் தடம் எப்படி இருக்கிறது என்பதை இது காட்டிக்கொடுக்கும். ஸ்டார்ம் நிறுவனத்தின் பேஸ் 2 இவ்வகைக்குப் பலரும் எடுத்துக்காட்டும் பந்து. அதன் 15 பவுண்டு வடிவத்தின் ஆர்ஜி 2.48, டிஃபரன்ஷியல் 0.051. தொகுப்பிலுள்ள பிற பந்துகள் அனைத்தும் இதைவிட வலிமையானவையா, மென்மையானவையா என்று ஒப்பிட்டே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

மூன்றாம் பந்து: ஒருபடி மென்மையானது. பளபளப்பூட்டிய பேர்ல் மேலோடும் சமச்சீர் உட்கருவும் கொண்டது. எண்ணெய் குறைந்த பின் அளவுகோல் பந்து சீக்கிரமே வளைந்தால் இதை எடுக்க வேண்டும். பொழுதுபோக்கு மையங்களில் ஆடுபவருக்கு மூன்றாவதாக இது வேண்டும்.

நான்காம் பந்து: ஒருபடி வலிமையானது. சமச்சீரற்ற உட்கரு, சாலிட் மேலோடு, சொரசொரப்பான மேற்பரப்பு. புதிதாக எண்ணெய் பூசிய தடத்திலும் நீண்ட பூச்சிலும் பயன்படும். புதுப் பூச்சில் தொடங்கும் லீக் போட்டிகளில் ஆடுபவர் இதை மூன்றாவதாக வாங்கலாம்.

ஐந்தாம் பந்து: யூரித்தேன். 35 அடி அல்லது அதற்கும் குட்டையான பூச்சுகளில் ஓரத்தோடு ஆடுவதற்கு. யூரித்தேன் பந்து எண்ணெயை உறிஞ்சாமல் முன்னோக்கித் தள்ளிக்கொண்டு போகும். இதனால் அதே தடத்தில் ஆடும் பிறருடைய பந்தின் போக்கும் மாறும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆறாம் பந்து: சமச்சீரற்ற உட்கருவும் பேர்ல் மேலோடும் கொண்டது. நெடுநேர ஆட்டத்தின் முடிவில், ஆட்டக்காரர் இடப்பக்கம் வெகுதூரம் நகர்ந்துவிட்ட நிலையில், நெடுந்தூரம் சறுக்கிக் கூர்மையாகத் திரும்பும் பந்து தேவைப்படும்போது இது உதவும்.

வாரம் ஒருமுறை ஆடும் மாணவருக்கு முதல் இரண்டு பந்துகளே போதும். போட்டிகளில் பங்கேற்பவருக்கு நான்கு போதும். ஐந்தும் ஆறும் பல வகைப் பூச்சுகளைச் சந்திப்பவருக்கே தேவை. ஒரே மாதிரி ஓடும் இரண்டு பந்துகள் தொகுப்பில் இருந்தால் ஒன்று வீண். அளவுகோல் பந்தையும் புதுப் பந்தையும் ஒரே இடத்திலிருந்து ஒரே குறிக்கு மாறி மாறி வீசிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஆட்டத்தின் நடுவே மாறும் தடம்

ஒவ்வொரு வீச்சும் தடத்திலிருந்து சிறிது எண்ணெயை எடுத்துவிடுகிறது. முதல் ஆட்டத்தில் பாக்கெட்டுக்குச் சென்ற பந்து மூன்றாம் ஆட்டத்தில் 1ஆம் கட்டையின் நடு முகத்தில் மோதும். உடனே பந்தை மாற்றத் தேவையில்லை. முதலில் கால்களை நகர்த்த வேண்டும். பந்து அதிகமாக வளைந்தால் நிற்கும் இடத்தை இரண்டு பலகையும் குறியை ஒரு பலகையும் இடப்பக்கம் நகர்த்துவது வழக்கமான முறை. வளைவு போதவில்லை என்றால் வலப்பக்கம் நகர வேண்டும். பந்து எத்திசையில் தவறுகிறதோ அத்திசையில் கால்களை நகர்த்து என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நகர்ந்த பிறகு பந்து பாக்கெட்டைச் சரியாகத் தொட்டும் கட்டைகள் விழவில்லை என்றால் அப்போது பந்தை மாற்றலாம். எடுத்துக்காட்டாக, பாக்கெட்டைத் தொட்டும் 10ஆம் கட்டை திரும்பத் திரும்ப நின்றால், பந்து வழியிலேயே ஆற்றலை இழந்திருக்கலாம். அப்போது ஒருபடி மென்மையான பந்தை எடுக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், இடம் தவறினால் காலை மாற்று, போக்கு தவறினால் பந்தை மாற்று.

எடையும் துளையும்

பந்தின் உச்ச எடை 16 பவுண்டு, ஏறத்தாழ 7.26 கிலோ. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய வழக்கு. அது தொடக்கத்திற்கு மட்டுமே உதவும். கடைசி ஆட்டம் வரை தோளையும் மணிக்கட்டையும் வருத்தாமல் வீச முடிகிற எடையே சரியான எடை. வளரும் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். கனமான பந்தை இறுக்கிப் பிடித்து வீசுவதால் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் பாதிக்கப்படும்.

தொகுப்பிலுள்ள பந்துகள் ஒரே எடையிலும் ஒரே துளை அளவிலும் இருக்க வேண்டும். இல்லையெனில் பந்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் கை தடுமாறும். துளைகள் கையளவு எடுத்து இடப்பட வேண்டும். கட்டை விரல் துளையில் விரல் இறுகாமலும் நழுவாமலும் இருப்பது அவசியம். துளையிடும் செலவு பந்தின் விலையில் அடங்காமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். எடையைச் சரிசெய்வதற்காக முன்பு இடப்பட்டுவந்த, விரல் நுழையாத கூடுதல் துளைக்கு 2020 ஆகஸ்ட் 1 முதல் ஐக்கிய அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் விதிகளில் இடமில்லை. பழைய பந்தை வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பராமரிப்பு

ரியாக்டிவ் பந்து உறிஞ்சிய எண்ணெய் உள்ளேயே தங்கினால் பந்து பிடிப்பை இழக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அதற்கென உள்ள தூய்மைத் திரவத்தால் துடைக்க வேண்டும். சில பல ஆட்டங்களுக்கு ஒருமுறை மேற்பரப்பைப் புதுப்பிக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பந்தை வைக்கக் கூடாது. வெப்பமும் அதைத் தொடரும் குளிர்ச்சியும் மேலோட்டில் விரிசலை உண்டாக்கும். இது நம் ஊர் வெயிலுக்குக் கூடுதலாகப் பொருந்தும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

நான் பெரும்பாலும் ஆடும் தடத்தில் எண்ணெய் எப்போது, எத்தனை அடிக்குப் பூசப்படுகிறது?
நான் தவறவிடும் புள்ளிகள் ஸ்ட்ரைக்கிலா, ஸ்பேரிலா?
என்னிடம் உள்ள பந்தின் மேற்பரப்பை மாற்றிப் பார்த்தேனா?
புதுப் பந்து, என்னிடம் உள்ள பந்து செய்யாத எதைச் செய்யும்?

கடைசிக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல முடியவில்லை என்றால் அப்பந்தை இப்போது வாங்கத் தேவையில்லை. அந்தப் பணத்தைப் பயிற்சி ஆட்டங்களுக்குச் செலவிட்டால் கூடுதல் பயன் கிடைக்கும். கையிலுள்ள பந்தின் போக்கை நன்கு அறிந்தவருக்கே அடுத்த பந்து எது என்பது தெளிவாகத் தெரியும்.